ஆர்டர் வந்த பிறகும் தேர்வாணையம்

ஒரு மாவட்ட அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் இருக்கிறேன். குரூப் 4 கலந்தாய்வு முடிந்த மாதங்களில் என் மேசை போன் ஓயாது. "மேடம், டிஎன்பிஎஸ்சியில எனக்கு உங்க டிபார்ட்மெண்ட்தான் ஒதுக்கியிருக்காங்க. ஆர்டர் மட்டும் இன்னும் அனுப்பல. சென்னைக்கு நேர்ல போய்க் கேக்கட்டுமா?"

போகலாம், பஸ் காசுதான் வீண். தேர்வாணையம் யாருக்கும் பணி நியமன ஆணை கொடுப்பதில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும், இன்ன துறை என்று ஒதுக்கும், பட்டியலைத் துறைத் தலைமைக்கு அனுப்பும். ஆணை போடுவது அந்தத் துறையின் நியமன அலுவலர். தேர்ந்தெடுப்பவர் கையில் நியமனம் இல்லை, நியமிப்பவர் கையில் தேர்வு இல்லை. வேண்டுமென்றேதான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது புரியாததால் எத்தனையோ பேர் தப்பான வாசலில் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2018 பிப்ரவரி 11 அன்று நடந்த குரூப் 4 எழுதி வந்தவள் நான். விஏஓ தேர்வையும் குரூப் 4 தேர்வையும் முதன்முதலாக ஒன்றாகச் சேர்த்து நடத்தியது அப்போதுதான். அறிவித்த இடங்கள் 9,351. அப்பா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் அதற்கு முன் அரசு அலுவலகத்துக்குள் போனவர்கள் எல்லாரும் கையில் மனுவோடு போனவர்கள்தான்.

ரிசல்ட் வந்ததும் முதலில் வந்தது வாழ்த்து இல்லை, புரோக்கர். அப்பாவுக்கு ஓரளவு தெரிந்த மனிதர்தான். "ரேங்க் வந்தா போதுமாண்ணே? மேல கொஞ்சம் பார்த்துக்கணும். பார்ட்டி பெரிய இடம்" என்று வந்து உட்கார்ந்தார். அப்பா பாதி நம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பார்த்த உலகம் அப்படி. குரூப் 4க்கு நேர்முகத் தேர்வே கிடையாது, ஒரே எழுத்துத் தேர்வு, 300 மதிப்பெண், மதிப்பெண்ணும் இனச்சுழற்சியும் (இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு இடம் வரும் வரிசை)தான் இடத்தை முடிவு செய்யும், இதில் பார்த்துக்கொள்ள யாருக்கும் எதுவும் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. புரோக்கரின் தொழில் ரகசியம் எளிமையானது. பத்துப் பேரிடம் பேசி வைப்பார். அதில் தானாக இரண்டு பேருக்குக் கிடைக்கும். அந்த இரண்டு பேருக்கும் தான்தான் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லிப் பணத்தை எடுத்துக்கொள்வார். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் கலந்தாய்வுக்கும் நடுவில்தான் இவர்கள் வருவார்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர்களிடம் ரேங்க் பட்டியலைக் காட்டி உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

இந்த "பார்த்துக்கொள்வதை" ஒழிக்கத்தான் ஆணையம் என்று ஒன்றே வந்தது. மாகாணங்களில் முதலாவதாக மெட்ராஸில்தான், 1929இல், தனிச் சட்டம் போட்டு சர்வீஸ் கமிஷன் அமைத்தார்கள். டெல்லியில் மத்திய ஆணையம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1926 அக்டோபரில் வந்திருந்தது. 1937இல் இது மெட்ராஸ் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் ஆனது, 1970இல் தமிழ்நாடு என்ற பெயரைப் பெற்றது. அரசியலமைப்பில் 315 முதல் 323 வரையிலான கூறுகள் இந்த ஆணையங்களுக்கானவை. தேர்வுக்குப் படிக்கும்போது எண்களாக மனப்பாடம் செய்தவற்றுக்கு, வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

உறுப்பினர்களை நியமிப்பவர் ஆளுநர். ஆனால் ஆளுநரால் நீக்க முடியாது. நடத்தைக் கேடு என்று குற்றச்சாட்டு வந்தால் உச்ச நீதிமன்றம் விசாரித்து அறிக்கை தர வேண்டும், குடியரசுத் தலைவர்தான் நீக்க வேண்டும். மாநில ஆணையத்தில் பதவிக்காலம் ஆறு ஆண்டு அல்லது 62 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. பதவி முடிந்த பிறகு வேறொரு ஆணையத்துக்குப் போகலாமே தவிர அரசில் இன்னொரு நாற்காலி கிடையாது. ஆணையத்தின் செலவு தொகுப்பு நிதியின் மீது சார்த்தப்பட்டது, சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வராது. அதாவது, ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காத பட்டியல் வந்தது என்பதற்காக ஆளையும் மாற்ற முடியாது, காசையும் நிறுத்த முடியாது. சிபாரிசு செய்ய ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேறு எது?

அதற்காக ஆணையத்தைக் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. 2016 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரே அடியாக 11 உறுப்பினர்களின் நியமனத்தை ரத்து செய்தது. நியமிக்கும்போதே முறையாகத் தேடிப் பரிசீலிக்கவில்லை என்பது பிரச்சினை. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4இல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். எழுதியது சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையால் வட்டமிட்டு, விடைத்தாள் சென்னைக்குப் போகும் வழியில் சரியான விடைகளை நிரப்பிய கதை. 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதன் பிறகுதான் "விடை தெரியவில்லை" என்பதற்கு ஐந்தாவது வட்டம் வந்தது. எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது, மொத்தம் எத்தனை ஏ, எத்தனை பி என்று கட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு எழுதுகிற வேலையைச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் நான் சொல்வது: அது உங்கள் தாளுக்குப் போடுகிற பூட்டு. வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே கடைசிக் கால் மணி நேரத்தை அதற்கு ஒதுக்கிப் பழகுங்கள்.

சரி, கலந்தாய்வுக்கு வருவோம். பிரிய மனமில்லாமல் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற இடம் அது. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆணைய அலுவலகம் நடந்து போகிற தூரம். உள்ளே பெரிய திரையில் துறை, மாவட்டம், பிரிவு வாரியாகக் காலியிடங்கள். பொது, பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே மகளிர், தமிழ்வழி, மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற விதவை, முன்னாள் ராணுவத்தினர் என்று கிளைகள். 69 சதவீத இடஒதுக்கீடு என்று மேடையில் கேட்பது இங்கே 200 புள்ளிச் சுழற்சியாக, அதாவது 200 இடங்களில் எது எந்தப் பிரிவுக்கு என்ற வரிசையாக உடைந்து, ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் ஒரு குறிப்பிட்ட நாற்காலியாகிக் கண்முன்னால் நிற்கும். முன்னால் ஒருவர் எழுந்து போய் ஒரு இடத்தைச் சொன்னால் திரையில் ஓர் எண் குறையும். நாம் மனதுக்குள் பிடித்து வைத்திருந்த மாவட்டம் கண்ணெதிரே பூஜ்யமாகும்போது வயிற்றைப் பிசையும்.

எனக்கு முன்வரிசையில் இருந்த அக்காவுக்குத் திருமணமாகியிருந்தது. சாதிச் சான்றிதழில் கணவர் பெயர். பெண்களுக்குச் சாதிச் சான்று தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும் என்பது அறிவிக்கையில் அச்சில் இருக்கிறது. ஆனால் ஊரில் வாங்கிக் கொடுத்த இ-சேவை மையத்தில் ரேஷன் கார்டைப் பார்த்து அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. சரிபார்ப்பில் விழுபவர்களில் பலர் மதிப்பெண்ணால் விழுவதில்லை. தமிழ்வழியில் படித்ததற்கான சான்றைக் கடைசிப் படிப்புக்கு மட்டும் வாங்கி வருவார்கள், கேட்பது பள்ளியிலிருந்தே. கல்வித் தகுதியின் தேதி அறிவிக்கையின் தேதிக்குப் பிந்தியதாக இருக்கும். ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பதை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டிருப்பார்கள். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். வேலையில் இருந்துகொண்டு மேல்தேர்வு எழுதுவது குற்றமே இல்லை. அலுவலகத் தலைவருக்குத் தெரிவித்துவிட்டு எழுதுங்கள், தடையின்மைச் சான்று கேட்கும்போது கண்ணியமாகக் கையெழுத்து கிடைக்கும். மறைத்துவிட்டுப் பிறகு மாட்டினால் இரண்டு பக்கமும் போகும்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஊரைத்தான் பார்க்கிறார்கள். "சொந்த மாவட்டம் கிடைச்சா போதும்." ஊர் மாறுதல் நாலு வருடத்தில் எப்படியாவது கிடைக்கும், துறை மாறுதல் கிடைக்காது. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று போக வழி இருக்கிறது. ஆனால் புயல், வெள்ளம், தேர்தல் என்று ராத்திரி பகல் பார்க்க முடியாது. ஊரக வளர்ச்சியில் வட்டார வளர்ச்சி அலுவலர் வரை ஏணி உண்டு, பதிவுத் துறையில் சார்பதிவாளர் வரை. மாவட்டத்துக்கு ஒரே ஓர் அலுவலகம், அதில் ஒரே ஒரு கண்காணிப்பாளர் பணியிடம் உள்ள சின்னத் துறையில் நிம்மதி இருக்கும், பதவி உயர்வு இருக்காது. மேலே இருப்பவர் ஓய்வு பெறும் வருடத்தை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதில் எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையோடு இருந்த என் தோழி சின்னத் துறையை எடுத்தாள், இன்றுவரை வருத்தப்படவில்லை. ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். திரை முன்னால் நிற்கிற சில நிமிடத்தில் யோசிக்க முடியாது. முந்தின வாரமே பத்து இடங்களை வரிசைப்படுத்தித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கீடு ஆன பிறகு தாமதம் நடக்கிற இடம் எங்கள் பக்கம்தான். பட்டியல் துறைத் தலைமைக்கு வந்து, மண்டலத்துக்கு இறங்கி, மாவட்டத்துக்கு வந்து, ந.க. எண் என்கிற கோப்பு எண் போட்டு, குறிப்பு எழுதி, அலுவலர் கையெழுத்தாகி, தபாலில் போக வேண்டும். சேர்ந்த பிறகு சான்றிதழ்களை உண்மைத்தன்மைக்கு, அதாவது அவை உண்மையானவைதானா என்று கேட்டு, அனுப்புவோம். பத்தாம் வகுப்புச் சான்று அரசுத் தேர்வுகள் துறைக்கு, பட்டம் பல்கலைக்கழகத்துக்கு. அந்தப் பதில் வராமல் பணிவரன்முறையும் (வேலையை முறைப்படுத்தும் ஆணை) தகுதிகாண் பருவம் முடித்ததற்கான ஆணையும் நகராது. இந்தக் கடிதம் போனதா, நினைவூட்டு போனதா என்று சேர்ந்தவர்தான் அவ்வப்போது பிரிவில் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறார்கள். பிரிவு எழுத்தருக்கு நூறு பேருடைய கோப்பு, உங்களுக்கு உங்களுடையது ஒன்றுதான். கேளுங்கள்.

அப்புறம் தேர்வாணையம் மறுபடியும் வரும், துறைத் தேர்வு என்ற பெயரில். வருடத்துக்கு இரண்டு முறை, மே, டிசம்பர். பவானிசாகரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடக்கும் பயிற்சியை முடித்துத் திரும்பிய சூட்டிலேயே மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வையும் சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வையும் எழுதி முடித்துவிட வேண்டும். "அதான் வேலை கிடைச்சாச்சே" என்று ஆறப்போட்டால் அப்புறம் கல்யாணம், குழந்தை, வீட்டு லோன் என்று புத்தகத்தைத் தொடவே முடியாது. நாங்கள் பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கும்போது குறிப்பிட்ட ஒரு நாளை வைத்துத்தான் தகுதி பார்ப்போம். அந்த நாளுக்குப் பிறகு தேறியவர் அடுத்த பட்டியலுக்குத்தான். ரேங்கில் முன்னால் இருந்தவர் கணக்குத் தேர்வில் தேறாததால், அவருக்கு எத்தனையோ இடம் பின்னால் இருந்தவர் உதவியாளராகி அவருக்கே மேசை மாற்றிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தேறினால் மட்டும் போதாது. ஆணையம் வெளியிடும் புல்லட்டினில் உங்கள் எண் வந்த பக்கத்தை எடுத்துக் கொடுத்து, எஸ்.ஆர். என்று நாங்கள் சொல்லும் பணிப்பதிவேட்டில் பதிவு போட வையுங்கள். எஸ்.ஆர். புத்தகத்தில் ஏறாத தேர்ச்சி இருந்தும் இல்லாதது போலத்தான். வருடம் ஒருமுறை எஸ்.ஆரைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் உரிமை இருக்கிறது. போடச் சொல்லும்போது திருப்பிப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் பிரிவிலேயே ஒரு பெண் இருக்கிறார். தொகுப்பூதியத்தில் வந்த கணினி இயக்குபவர். வேலையில் எங்களில் பாதிப் பேரைத் தூக்கிச் சாப்பிடுவார். "என்னைக்காவது நிரந்தரம் பண்ணிடுவாங்களாக்கா?" என்று கேட்பார். மற்றவர்கள் சும்மா "பண்ணுவாங்க, பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு சொன்னது தெளிவாக இருக்கிறது: முறையான தேர்வு வழியாக வராதவர், எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதை மட்டும் காட்டி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது. கொடுமையான தீர்ப்பா? அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் கொடுமைதான். ஆனால் அந்த வாசல் திறந்திருந்தால் சாத்தூரிலிருந்து நான் வந்திருக்க மாட்டேன், அலுவலருக்குத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை வந்திருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. நிரந்தரப் பணியிடத்துக்கு ஆணையத்திடம் ஆள் கேட்காமல், தொகுப்பூதியத்திலும் வெளிமுகமையிலும் (அவுட்சோர்சிங்) ஓட்டிக்கொண்டே போனால், ஆணையத்தின் கதவு எவ்வளவு நேர்மையாக இருந்தும் என்ன லாபம்? ஆணையம் தானாக இடங்களை உருவாக்க முடியாது. துறை கேட்டால்தான் அறிவிக்கை. அந்தப் பெண்ணை இப்போது குரூப் 4க்குப் படிக்க வைத்திருக்கிறேன். அவர் எம்.பி.சி., பட்டதாரி. இளநிலை உதவியாளர் பணிக்கு அடிப்படைத் தகுதியைவிடக் கூடுதலாகப் படித்த இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயது பெரிய தடையில்லை. இது தெரியாமலேயே "வயசாயிடுச்சு" என்று ஒதுங்கி இருந்திருக்கிறார். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாள் திருத்தவே மாட்டார்கள் என்பதால் முதலில் தமிழ்தான் படிக்கிறார்.

ஊழியர்களே பலர் அறியாத இன்னொரு பக்கம் ஒழுங்கு நடவடிக்கை. அலுவலகத்தில் 17பி, அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டு நடவடிக்கை, என்றாலே குரல் தாழும். கூறு 320 படி, பணியாளர்களைப் பாதிக்கும் ஒழுங்கு விஷயங்களில் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். நடைமுறையில் எங்களைப் போன்றவர்களுக்கு அலுவலகத் தலைவரே தண்டனை கொடுத்தால் அது அங்கே போகாது. அரசே நேரடியாக முடிவெடுக்கும் கோப்புகளும் ஓய்வு பெற்றவரின் ஓய்வூதியத்தில் கைவைக்கும் கோப்புகளும்தான் போகும். ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் மாதாமாதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து "என் பைல் கமிஷன்ல இருந்து வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது இன்னொரு தாமதம். எனக்குக் கோப்பைப் படித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. அவருடைய துறையில் அவரை விரும்பாதவர்கள் இருந்தார்கள். துறைக்கு வெளியே, அவர் முகத்தையே பார்த்திராத ஒருவர் ஆதாரங்களைப் படித்து, இந்தக் குற்றச்சாட்டுக்கு இவ்வளவு தண்டனை தகுமா என்று கேட்கிற ஒரே கட்டம் அதுதான்.

ஆனால் அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். ஆணையம் சொல்வது ஆலோசனைதான். கலந்தாலோசிக்காமல் விட்டதற்காக மட்டும் தண்டனை ரத்தாகாது என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம், மன்போதன் லால் வழக்கில் சொல்லிவிட்டது. அரசு ஆலோசனையை ஏற்காமல் போகலாம். ஏற்காவிட்டால் ஏன் என்ற விளக்கத்தை ஆணையத்தின் ஆண்டறிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும், கூறு 323. அந்த விளக்கக் குறிப்புகளைப் படிக்கிற எம்.எல்.ஏ. எத்தனை பேர் என்று எனக்குள் கேட்டுக்கொள்வதுண்டு. அதனால் குற்றக் குறிப்பாணை வந்தால் மேலே யாரோ காப்பாற்றுவார்கள் என்று இருக்காதீர்கள். கெடுவுக்குள் விளக்கம் எழுதுங்கள், கேட்க வேண்டிய ஆவணங்களை அந்த விளக்கத்திலேயே கேளுங்கள், விசாரணை அலுவலர் முன்னால் உங்கள் சாட்சியைப் பதிவு செய்யுங்கள். பின்னால் ஆணையம் படித்தாலும் நீதிமன்றம் படித்தாலும் அந்தத் தாள்களைத்தான் படிக்கும். உத்தமமான மனிதர்கள் வெறும் கோபத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ரிசல்ட் தாமதத்தைப் பற்றித்தான் எல்லாரும் திட்டுகிறார்கள், நியாயம்தான். 2022 ஜூலை 24இல் எழுதிய குரூப் 4க்கு முடிவு 2023 மார்ச்சில் வந்தது. அந்த எட்டு மாதம் பிள்ளைகள் வேறு வேலைக்கும் போக முடியாமல் அடுத்த தேர்வுக்கும் படிக்க முடியாமல் கிடந்தார்கள். 2024 ஜூன் 9 தேர்வுக்கு அக்டோபர் 28இலேயே முடிவு வந்துவிட்டது. லட்சக்கணக்கான தாள்களை வைத்துக்கொண்டும் செய்ய முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டதால், இனி பழைய வேகத்துக்குச் சாக்கு கிடையாது. உங்கள் பக்கத்தில் செய்ய முடிந்தது, உத்தேச விடைக்குறிப்பு வந்த உடனே உட்கார்ந்து பார்த்து, தப்பு என்று பட்டதற்கு ஆதாரப் புத்தகத்தின் பக்கத்தோடு கெடுவுக்குள் ஆட்சேபம் பதிவது. கெடு முடிந்த பிறகு டெலிகிராம் குழுவில் போடும் சண்டையை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

விடைக்குறிப்பு, மதிப்பெண், ரேங்க், இனச்சுழற்சி, கலந்தாய்வு, துறைத் தேர்வு முடிவு என்றால் ஆணையத்திடம் கேளுங்கள். நியமன ஆணை, உண்மைத்தன்மை, பணிவரன்முறை, எஸ்.ஆர். பதிவு, பதவி உயர்வுப் பட்டியல் என்றால் எங்களிடம் வாருங்கள். வரும்போது ஒதுக்கீட்டு ஆணையின் நகலை மறக்காமல் எடுத்து வாருங்கள், அதில் இருக்கிற பதிவெண்ணை வைத்துத்தான் உங்கள் கோப்பைத் தேட முடியும்.